பின்பக்கச் சிறிய கதவு

நியூசிலாந்திலிருந்து நாங்கள் திரும்பி வந்ததிலிருந்து, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மூன்று குடும்பங்கள் என்னிடம் பட்டியல் கேட்டுவிட்டன. மோட்டார் ஹோம் எடுத்துக்கொண்டு போக என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும், எதை மறக்கக் கூடாது, எவ்வளவு செலவாகும் என்று கோயில் வாசலிலும் காலைச் சந்தையிலும் நிறுத்திக் கேட்கிறார்கள். நானும் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருப்பதைக் கொடுத்து அனுப்புகிறேன். கொடுத்த இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய முதல் வரி அதில் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமலே இத்தனை மாதங்கள் ஓட்டிவிட்டேன்.

போனது ஆறு பேர். நான், என் கணவர், பதினைந்து வயது மகன், பதினொரு வயது மகள், என் அப்பா, என் மாமியார். 2025 ஜனவரி கடைசியில், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கிளம்பித் தைப்பூசத்துக்கு முன் வீடு திரும்பிவிடுவது என்பது ஏற்பாடு. அம்மா காலமான பிறகு அப்பா எங்கேயும் போக மறுத்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதில் தினமும் ஒரு ஹோட்டலில் பெட்டியை ஏற்றி இறக்குவது அவருக்கு ஆகாது. மாமியார் சைவம், வெளியில் அதிகம் சாப்பிடமாட்டார். படுக்கையும் அடுப்பும் கூடவே வரும் வண்டி என்றதும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அப்பா கடைசிவரை அதை மோட்டார் ஹோம் என்று சொல்லவே இல்லை. அவருக்கு அது 'வீட்டு லோரி'.

ஏழு மீட்டர் கயிறு

ஆறு பேர் படுக்கும் வண்டி ஏழு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். எண்ணைப் படித்தால் மனத்தில் ஏறாது. அப்பா ஒரு நைலான் கயிற்றை அளந்து வெட்டி எங்கள் வீட்டு வாசலில் நீட்டிப் போட்டார். கேட்டைத் தாண்டி, வடிகாலைத் தாண்டி, எதிர் வீட்டுக்காரரின் கார் வரைக்கும் போனது கயிறு. இருபத்தெட்டு ஆண்டுகள் தோட்டத்தில் லோரி ஓட்டியவர் அவர். முதலில் கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், பிறகு கித்தா மரங்களை அழித்துச் செம்பனை போட்டதும் பழக்குலை. தெரிந்தவரின் லோரியை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கேட்டு வாங்கி, செம்பனைக்கு நடுவே ஓடும் மண்பாதையில் எனக்கும் என் கணவருக்கும் பாடம் நடத்தினார். திரும்பும்போது முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால் எதிர்ப்பக்கமாக வீசிக் கம்பத்தில் இடிக்கும். பின்னால் எடுக்கும்போது ஒருவர் கட்டாயம் கீழே இறங்கி நிற்க வேண்டும். அப்படி நிற்பவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் வண்டி அசையவே கூடாது. இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லியே எங்களை ஓட்ட வைத்தார். நியூசிலாந்திலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் பாதிப் பயம் ஏற்கெனவே போயிருந்தது. மீதிப் பயத்தை அந்த மண்பாதை தீர்த்தது.

ஒருவழிப் பாலங்களைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தென்தீவில் நெடுஞ்சாலையே திடீரென ஒரு வண்டி அகலத்துக்குக் குறுகி ஆற்றைக் கடக்கும். பலகையில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். நம் பக்கத்து அம்பு சிறிதாகவும் சிவப்பாகவும் இருந்தால் எதிரில் வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். மகள் அதை ஒரு அட்டையில் வரைந்து முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தாள். சாலை காலியாக இருக்கும்போதுதான் இந்த விதி மறந்துபோகும், அங்கே பெரும்பாலும் சாலை காலியாகத்தான் இருக்கிறது.

காகித வேலைகள் கடினமில்லை. மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், ஆனால் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். அதோடு கட்ட வேண்டிய சுற்றுலா வரி 2024 அக்டோபரிலிருந்து ஆளுக்கு 100 நியூசிலாந்து டாலர். ஆங்கிலத்தில் இல்லாத ஓட்டுநர் உரிமத்துக்கு மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ கேட்பார்கள் என்பதால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போய் இருவரும் சர்வதேச அனுமதி எடுத்துக்கொண்டோம். வண்டி டீசல் என்றால் இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். அந்த நாட்டில் டீசல் வண்டிகள் சாலை வரியை ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகக் கட்டுகின்றன, வாடகை நிறுவனங்கள் அதை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும். எண்ணெய் நிலையத்தில் டீசல் மலிவாகத் தெரிவதை வைத்துச் செலவைப் போட்டால் கணக்கு தப்பும்.

சாப்பாட்டுப் பெட்டிதான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. உணவுப் பொருள் எதுவானாலும் நுழைவுப் படிவத்தில் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் மறைத்து அகப்பட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். சொல்வதற்குக் காசு இல்லை. எடுத்துப் போகக் கூடாது என்றால் வாங்கித் தொட்டியில் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். மாமியார் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலையை நான் வெளியே எடுத்தபோது அவர் முகம் வாடியது. பச்சை இலை, பழம், தேன் இவற்றுக்கெல்லாம் அங்கே இடமில்லை. கடையில் வாங்கிய மிளகாய்த்தூளையும் மஞ்சள்தூளையும் உறை பிரிக்காமல் வைத்து, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பார்ப்பார்கள் என்று படித்துச் சொன்னேன். அன்று மாலை அப்பா குழாயடியில் உட்கார்ந்து ஆறு பேரின் காலணிகளையும் பழைய பல்துலக்கியால் ஒரு மணி நேரம் தேய்த்தார். கோடுகளுக்குள் இருந்த செம்மண் துளித்துளியாக வெளியே வந்தது. விடுங்கள் அப்பா, நான் செய்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அந்தக் கைகளின் பழக்கத்தை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

சோற்றுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை வீட்டிலேயே புரிந்துகொண்டு போங்கள். வண்டியில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி விளக்கு, தண்ணீர் பம்பு போன்ற சிறிய வேலைகளுக்குத்தான். நம் ரைஸ் குக்கர் வேலை செய்ய வேண்டுமென்றால் முகாமில் மின்கம்பத்தில் கேபிள் இணைத்த இடத்தில் நின்றாக வேண்டும், அதற்கும் அந்த நாட்டுச் சாய்ந்த பின்களுக்கு மாற்றுச் செருகி வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் கேஸ் அடுப்பில் கஞ்சி வடித்த சோறுதான். மாமியார் அதில் கைதேர்ந்தவர் என்பதால் எங்களுக்குக் குறை இல்லை. தண்ணீரோ அளந்து வருவது. சான்றிதழ் பெற்ற வண்டிக்கு அந்நாட்டு விதி வைக்கும் கணக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்தான். தொட்டி அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனாலும் நாலு லிட்டரில் ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் புட்டியில் அளந்து கொடுத்தேன். மதியத்துக்குள் மகளுடைய பங்கு தீர்ந்துவிட்டது. அப்பாவின் புட்டியில் இரவு பாதி மிச்சமிருந்தது. லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பொதுக்குழாயில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்த காலத்தில் வளர்ந்தவர் அவர்.

யாரும் பெயர் எழுதாத வேலை

புறப்படுவதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலைகளைப் பிரித்தோம். ஓட்டுவது நானும் கணவரும். வழி பார்ப்பது மகள். மின் கேபிளைப் போட்டு எடுப்பதும் தண்ணீர் நிரப்புவதும் மகன். புறப்படும் முன் கேஸை மூடுவது அப்பா. சமையல் மாமியாரும் நானும். தாளின் கடைசி வரியில் 'கேசட்' என்று எழுதி அதற்கு நேரே இடம் விட்டிருந்தேன். எல்லோரும் அந்த வரியைப் பார்த்தார்கள், ஒருவரும் பேசவில்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் என்றார் கணவர். நானும் சரி என்று தாளை மடித்துவிட்டேன்.

கேசட் என்பது வண்டிக் கழிவறைக்கு அடியில் இருக்கும் பெட்டி. இருபது லிட்டருக்குள் பிடிக்கும், ஆறு பேருக்கு ஒன்றரை நாள் தாங்கினாலே அதிகம். நிரம்பினால் சிவப்பு விளக்கு எரியும். வண்டிக்கு வெளியே, பக்கவாட்டில் ஒரு சிறிய கதவு இருக்கும். அதைத் திறந்து பெட்டியை இழுத்து, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய், அதற்கென்று அமைத்த இடத்தில் மட்டும் கொட்ட வேண்டும். வயலிலோ சாலையோரத்திலோ கொட்டுவது குற்றம். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அப்படித் திறந்துவிட முடியாது. அந்த நாட்டில் முகாம் இல்லாத பொது இடங்களில் இரவு தங்க அனுமதி வேண்டுமானால் பெரும்பாலும் வண்டிக்குத் தன்னிறைவுச் சான்றிதழ் இருக்க வேண்டும், 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு வண்டியில் பொருத்திய கழிவறையே கட்டாயம். ஆகவே இந்த வேலையைச் சுற்றிக்கொண்டு போக வழியே கிடையாது. மலையையும் ஏரியையும் அவர்கள் அப்படித் துப்புரவாக வைத்திருப்பதன் ஒரு பகுதி இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

முதல் இரவு ஜெரால்டின் என்ற ஊரில். மறுநாள் பர்க்ஸ் கணவாய் ஏறி இறங்கித் தெக்காப்போ ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பனிப்பாறை அரைத்த கல்மாவு கலந்து அந்தத் தண்ணீர் பாலில் நீலம் கரைத்ததுபோல் இருக்கும். இரவு ஒன்பதுக்கு மேல்தான் சூரியன் மறைந்தது. பிறகு அப்பா நாற்காலியை வெளியே போட்டு, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நெடுநேரம் வானத்தைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வானத்தைக் காப்பதற்காக 2012 முதல் பாதுகாக்கப்படும் பகுதி அது. பெரட்டுக்குப் போகும்போது இப்படித்தான் நட்சத்திரம் இருக்கும் என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிப்பது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. முகாமில் இதற்கென்று ஆள் யாராவது இருப்பார்கள், விசாரிக்கிறேன் என்று கணவர் போனார். மகன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மேல் படுக்கையில் திரும்பிப் படுத்தான். நான் கையுறையைத் தேடினேன். அதைத் தேடுவதில் எனக்கு அவசரம் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெளியே கதவு திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது அப்பா அந்தச் சிறிய கதவுக்கு முன் குந்தியிருந்தார். பெட்டியை இழுக்கவில்லை. கதவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். இரும்புத் தாழ்ப்பாளைத் தேடுவதுபோல் விரல்களால் அதன் ஓரத்தைத் தடவினார். பிறகு ஒரே இழுப்பில் பெட்டியை வெளியே எடுத்து உருட்டிக்கொண்டு போனார்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்லைக் கிள்ளி மேலே போட்டு, அது விழுந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு இடம் மாறி நின்றார். காற்று முதுகில் பட வேண்டும் அம்மாடி, முகத்துக்கு வரக் கூடாது என்றார். பெட்டியை அவசரப்படாமல் சாய்த்து, தெறிக்காமல் ஒரே சீராகக் கொட்டி, இரண்டு முறை அலசி, வாயை வழித்துக் கழுவி, நீல மருந்தை ஊற்றி மூடினார். அதிகம் போனால் மூன்று நிமிடம். வண்டி கொடுத்தவர்கள் காட்டிய விளக்கப் படத்தை அவர் பார்க்கவே இல்லை, அன்று வெளியே மகளோடு நின்றிருந்தார். உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கைகளைக் கழுவிக்கொண்டே, லயத்துக் கக்கூசுக்கும் பின்பக்கம் இப்படித்தான் ஒரு சின்னக் கதவு இருக்கும் என்றார்.

அப்பாவின் அப்பா, என் தாத்தா, பால்வெட்டுக்காரர் என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். வெட்டியதும் உண்மைதான், ஆனால் அது பிற்காலம். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் தோட்டத்தில் கக்கூஸ் வாளி எடுத்தவர். இருட்டு விலகுவதற்குள், பெரட்டுக்கு ஆட்கள் எழுந்து வருவதற்குள், லயத்தின் பின்வரிசையில் கதவு கதவாகத் திறந்து வாளியை எடுத்து வண்டியில் கொட்டி, கழுவி, திரும்ப வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். பள்ளி விடுமுறையில் பத்து வயது அப்பா வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவார். காற்றின் திசையைத் தாத்தா அங்கேதான் கற்றுக்கொடுத்திருக்கிறார். வகுப்பில் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்காததைப் பற்றி ஒரே வாக்கியம் சொன்னார். லோரிக்காரனானதும் அந்தத் தோட்டத்தை விட்டே வந்துவிட்டாராம். அம்மாவுக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். இதையெல்லாம் ஏரியைப் பார்த்துக்கொண்டு, வழி சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

வண்டிக்குத் திரும்பியபோது மாமியார் படியில் நின்றிருந்தார். என் மாமனார் வேறொரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவர். கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் நடுவே அந்தக் காலத்தில் எவ்வளவு தூரம் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் எவ்வளவு கேட்டார் என்று எனக்குத் தெரியாது. பகல் முழுவதும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, எங்கள் வீட்டுப் பின்கதவுக்கும் ஒருவர் வருவார், பதினாறு வருஷம் வந்தார், அவர் பெயர் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்று பொதுவாகச் சொன்னார். அது வேறு தோட்டம், வேறு ஆள். ஆனாலும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தாத்தாவின் பெயரை, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். மாமியார் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

இரண்டு நாட்கள்

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறங்கவிடாதது. அதைக் கேட்ட பிறகும் அடுத்த இரண்டு முறையும் அப்பாவே பெட்டியை எடுத்தார், நாங்கள் எடுக்க விட்டோம். 'வேண்டாம் தாத்தா' என்று மகன் சொல்லவில்லை. கணவர் அந்த நேரம் பார்த்து எண்ணெய் அளவைப் பார்க்கப் போனார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் இருந்தது நிம்மதி. அவருக்குத்தான் பழக்கம் இருக்கிறதே, அவர் முகம் சுளிக்கவில்லையே, மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறாரே என்றெல்லாம் மனம் காரணம் அடுக்கியது. இதே காரணங்களைச் சொல்லித்தானே ஒரு தோட்டமே என் தாத்தாவை ஒன்பது ஆண்டுகள் இருட்டில் எழுப்பியது என்பது வனாக்காவில் நான்காவது முறை விளக்கு எரிந்தபோதுதான் உறைத்தது. சொந்த அப்பா என்றாலும் ஒரு வேலை யார்மேல் போய் விழுகிறதோ அவர்மேலேயே தங்கிவிடுவதற்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது.

அன்று அப்பாவுக்கு முன்பே எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். அவர் வந்து கையைப் பிடித்தார். என் அப்பன் செய்தது போதாதா, நீ வேறு செய்ய வேண்டுமா என்று கேட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது வாழ்க்கையில் இரண்டு மூன்று முறைதான் இருக்கும். எங்களை இதிலிருந்து வெளியே கொண்டுவருவதற்காகவே வாழ்ந்தவர் அவர், அவர் கண்ணுக்கு நான் திரும்ப உள்ளே போகிறேன். நமக்கு மட்டும் என்று இருந்ததால்தானே அப்பா அது அவமானம், ஆறு பேருக்கும் என்று ஆகிவிட்டால் அது வெறும் வேலைதானே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கொட்டினேன். முதல்முறை கொஞ்சம் தெறித்தது. அன்று இரவு தாளை மறுபடி விரித்து, கடைசி வரியில் நான், கணவர், மகன் என்று தேதி போட்டு எழுதினேன். கணவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டார். மகன் ஹாஸ்டில் தன் முறையைச் செய்துவிட்டு வந்து, சாண்ட்ஃபிளைப் பூச்சி கடித்த காலைச் சொறிந்துகொண்டே, பரவாயில்லை அம்மா, பெரிய விஷயமில்லை என்றான். அவனுக்கு அது பெரிய விஷயமாக இல்லாமல் போனது எனக்கு எவ்வளவு பெரியது என்று அவனுக்கு விளக்க வார்த்தை இல்லாமல் தலையைத் தடவினேன்.

ஆகவே பட்டியல் கேட்டவர்களுக்கும் இனிக் கேட்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். கேசட்டை யார் எடுப்பது என்பதை வீட்டு மேசையிலேயே, பெயரும் தேதியும் போட்டு முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள். குமட்டும் என்பவர்களுக்கும் ஒரு முறை கொடுங்கள், கையுறை இரண்டு ஜோடி கூடுதலாக வையுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் அது வீட்டில் யாருக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லையோ அவர்களிடம் போய்ச் சேரும். அம்மா, அல்லது மருமகள், அல்லது எதையும் செய்து பழகிய ஒரு வயதானவர். மாற்றுச் செருகியை மறந்தால் அங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு விடுமுறைக்கு மறுபடியும் போகலாம் என்று பேச்சு நடக்கிறது, இந்த முறை பிக்டனிலிருந்து கப்பலேறி வடதீவுக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறது. முதல் வரி கேசட். மகன் பெயர் முதலில் இருக்கிறது, மூன்றாவதாக மாமியார் தன் பெயரை எழுதச் சொல்லி மகளிடம் கொடுத்தார். அப்பாவின் பெயரை நாங்கள் அதில் போடவில்லை. போன வாரம் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, வடதீவில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று பார்த்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.